கப்பலேறிய பெயர்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. மனிதர்களும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளாமல், பதில் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சோழமண்டலக் கரையில், ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு துறைமுகம் இருந்தது. அதற்கு மேற்கே பெருமாள் கோயில். தெற்கே மீன் காயவைக்கும் மணல்மேடு. மணல்மேட்டையும் தாண்டினால் பறை முழக்குகிறவர்களின் சேரி. ஊர்க்காரர்கள் அந்தத் திசையைக் காட்ட வேண்டி வந்தால், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கையை மட்டும் காட்டுவார்கள்.

ஓர் ஐப்பசிப் புயலில் சேரியை ஒட்டி நின்ற பனைமரம் முறிந்து விழுந்தது. அதன் உச்சியில் இருந்த பருந்துக் கூடும் விழுந்தது. தாய்ப் பருந்து என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தன. பறையடிக்கும் இருசன் அவற்றை எடுத்துவந்து மனைவி முனியம்மையின் மடியில் போட்டான்.

"புள்ள குட்டி இல்லன்னு அழுதியே, இந்தா ரெண்டு" என்றான்.

"மூக்கப் பாரு, உங்க அப்பன் மூக்கு மாதிரியே இருக்குது" என்றாள் முனியம்மை. திட்டிக்கொண்டேதான் மீன் தலையைப் பிய்த்து ஊட்டினாள்.

இறகு முளைத்தபோது மூத்தது கறுப்பாக இருந்தது. இளையது செந்நிறம், தலையும் மார்பும் மட்டும் வெள்ளை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நிறத்திலா பிறக்கின்றன? மூத்தவனைக் கரியன் என்றார்கள், இளையவனைச் செம்பன் என்றார்கள். பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் தோல் விறைத்து நல்ல சத்தம் கொடுக்கும். இருசன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போதெல்லாம் அண்ணனும் தம்பியும் அந்தச் சூட்டில் வந்து ஒண்டிக்கொள்வார்கள். பறைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள் அவர்கள். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் செம்பன் கேட்டான்: "நாம என்ன ஆளுங்க?"

"சேதி சொல்ற ஆளுங்க" என்றான் இருசன். "பொறந்தா சொல்லுவோம், செத்தா சொல்லுவோம், வெள்ளம் வந்தா எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவோம். பறைய அடிச்சி சொல்றதால பறையருங்க. வேற என்ன?"

செம்பன் அதைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டான். மறக்கவே இல்லை. இதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் அவன் செய்ததைத் தெரியாமல் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். புதியவர் ஒருவர் வந்து கேட்டால், பக்கத்தில் நிற்கிற உறவு சொல்ல வேண்டும். அண்ணன் பெயரைத் தம்பி சொல்வான், தம்பி பெயரை அண்ணன் சொல்வான். உறவின் வாயால் வந்ததுதான் பெயர். அந்தப் பெயர்தான் நிலைக்கும். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டாலும் அதே உறவு சொல்வதுதான் பொருள். பெயர் சொல்ல உறவில்லாமல் நிற்பதைவிடக் கேவலம் அப்போது வேறெதுவும் இல்லை.

கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. மேளச் சத்தத்தைக் கேட்டு வேடிக்கை பார்க்கப் போன செம்பன், புகையாக இருக்கிறதே என்று கோபுரத்துக்கு மேலே வட்டமடித்தான். கீழே கூடியிருந்த ஜனம் மொத்தமும் அண்ணாந்து பார்த்து, "கருடன் வந்துட்டார்! கருடன் வந்துட்டார்!" என்று கத்தியது. கும்பிட்டார்கள். அழுதார்கள்கூட. அர்ச்சகர் வெள்ளிக் கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார்.

பருந்துக்குப் பால் எதற்கு? ஆனால் அத்தனை கை கூப்பி அவன் அதுவரை பார்த்ததில்லை. சேரியில் அவனை யாரும் கும்பிட்டதில்லை. "தள்ளு, கால்ல மாட்டிக்காத" என்றுதான் முனியம்மை சொல்வாள்.

மறுநாளும் போனான். பிறகு தினமும் போனான். சனிக்கிழமை விரதக்காரர்கள் அவனை வானத்தில் பார்த்த பிறகே வாயில் தண்ணீர் விட்டார்கள். பெருமாளின் வாகனம் பகலில் மீன் குப்பையில் போய் இறங்க முடியுமா? செம்பன் பசியோடு கோபுரத்தில் உட்கார்ந்திருந்தான். பால் குடித்து வயிறு வீங்கியதுதான் மிச்சம். கரியன்தான் மனம் கேளாமல், ஆள் இல்லாத சமயம் பார்த்து, மடப்பள்ளிச் சுவரின் பின்பக்கமாக வந்து மீனைப் போட்டுவிட்டுப் போவான்.

"ஏண்டா, நீ வீட்டுக்கு வந்து தின்னா என்ன? அம்மா தினமும் உனக்குன்னு எடுத்து வெக்குது."

"சத்தம் போடாத அண்ணா. யாராவது பாத்துடுவாங்க. நீ இனிமே வரும்போது வாயக் கழுவிக்கிட்டு வா."

கரியன் சிரித்தான். தம்பி விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தான். மறுநாள் உண்மையாகவே ஆற்றில் அலகைக் கழுவிக்கொண்டு வந்தான்.

இந்தச் சமயத்தில்தான் துரை வந்து இறங்கினார். ஆங்கிலேயர்கள் அப்போதெல்லாம் மிளகும் துணியும் வாங்குவதோடு பெயர்களையும் வாங்கிப்போவார்கள். அவர்களுடைய தேசம் சின்னது, குளிர் வேறு. வாயைத் திறந்தால் குளிரும் என்று கொஞ்சமாகத்தான் சொற்கள் வைத்திருந்தார்களோ என்னவோ, போகிற இடமெல்லாம் பெயர் கேட்டார்கள். இந்தத் துரைக்கு அது ஒன்றுதான் வேலை. கடற்கரையில் நடந்துகொண்டே கேட்டார். கட்டுமரத்தின் பெயரைத் துடுப்பு சொன்னது. சுருட்டின் பெயரைப் புகையிலை சொன்னது. மிளகுத்தண்ணீரின் பெயரை ஈயச்சொம்பு சொன்னது. துரை அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்து மூச்சு வாங்கினார். சொன்ன பெயர்கள் எல்லாம் துணிமணி கட்டிக்கொண்டு, சந்தோஷமாகக் கப்பலேறின.

ஒருமுறை கப்பலேறிய பெயர் திரும்பி வராது. போன ஊரிலேயே குடித்தனம் நடத்தும். அங்கே யார் எப்படி நடத்துவார்கள் என்பதும் தெரியாது. வடக்கே ஒரு கோயில் சாமியின் பெயரை இப்படித்தான் கொண்டுபோனார்களாம். தேரில் வரும் அந்தச் சாமியின் பெயரை, எதிரே வந்ததை எல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் ஏதோ ஒரு பூதத்துக்கு வைத்துவிட்டார்கள் என்று மாலுமிகள் சொன்னார்கள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

துரைக்கு மொழிபெயர்க்க ஒரு துபாஷி இருந்தார், பெயர் சேஷாசலம். மனிதர் பேச்சு, பறவைப் பேச்சு, ஊமைகளின் சைகை எல்லாம் அவருக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி மாற்றுவது தன் தர்மம் என்பார். நல்ல மனிதர்தான். யாரோடும் சண்டை போடாத நல்ல மனிதர்.

கடற்கரையில் எல்லாம் கேட்டு முடித்த துரை, கோயிலில் தெய்வப் பறவை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார். துரை வருகிறார் என்று ஊருக்குப் பறையடித்துச் சொன்னது இருசன். சொல்லிவிட்டுச் சன்னதித் தெருவின் முனையில், பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். அதற்குமேல் அவன் உள்ளே வரக்கூடாது. முனியம்மையும் பக்கத்தில் வந்து நின்றாள். "நம்ம செம்பன் பேரு சீமைக்குப் போகப் போவுது" என்று அவள் காலையிலிருந்தே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெரு முழுக்க ஜனம். மதில்மேல் செம்பன் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். துரை தொப்பியைக் கழற்றினார்.

"இந்தப் பறவையின் பெயரைச் சொல்ல உறவு யார்?" என்று சேஷாசலம் உரக்கக் கேட்டார்.

வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் இருக்கேன்! நான் சொல்றேன்!"

கரியன் கடற்கரையிலிருந்து ஒரே மூச்சில் பறந்து வந்திருந்தான். தம்பி காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்க மாட்டான் என்று காலில் ஒரு கவளை மீனைப் பற்றிக்கொண்டு வந்திருந்தான். அவசரத்தில் அலகைக் கழுவ மறந்துவிட்டான். தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மீன் ரத்தம் வெள்ளையடித்த மதிலில் சொட்டியது.

தெருவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அர்ச்சகரின் முகம் சுருங்கியது.

"இது யார்?" என்று சேஷாசலம் செம்பனைக் கேட்டார். "உனக்கு உறவா?"

செம்பன் ஜனத்தைப் பார்த்தான். கூப்பிய கைகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அவனுக்கு உடம்பு கூசியது. அந்த மீன் நாற்றம், அண்ணனின் கறுப்பு, தெருமுனையில் எட்டி எட்டிப் பார்க்கும் முனியம்மை, எல்லாவற்றையும் பார்த்துக் கூசியது. பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எனக்கு உறவு யாரும் இல்லை."

"அப்படியானால் இது?"

"சேரிப் பருந்து. பறையர் வளர்த்தது."

துபாஷி மொழிபெயர்த்தார். துரை அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பரையா" என்றார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

அங்கே நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் பொருள் தெரியும். அவர்கள் வீட்டுக் குழந்தை பிறந்ததை ஊருக்குச் சொன்னது அந்தப் பறை. போன வருஷ வெள்ளத்தில் அவர்களை எழுப்பி மேட்டில் ஏற்றியதும் அந்தப் பறைதான். எல்லாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவன் செம்பன். அந்தச் சத்தத்தில்தான் அவன் தூங்கிப் பழகினான்.

"தள்ளிவைக்கப்பட்டவர் என்று பொருள்" என்றான் செம்பன். "யாரும் சேர்க்காதவர்."

சேஷாசலம் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருமுனையைப் பார்த்தார். பிறகு சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தார்.

"அதுசரி, இதன் பெயரைச் சொல்ல உறவே இல்லையா?" என்று துரை செம்பனைக் காட்டிக் கேட்டார்.

"நாங்க இல்லையா உறவு?" என்று அர்ச்சகர் முன்னால் வந்தார். ஆகவே செம்பனுக்குப் பிராமணிப் பருந்து என்றும், கரியனுக்குப் பறையர் பருந்து என்றும் ஆங்கிலத்தில் பெயரானது. ஒரு கூட்டில் பிறந்த இருவருக்கும் ஒரே மூச்சில் இப்படி இரண்டு பெயர்.

கரியன் தம்பிக்காகக் கொண்டுவந்த மீனை அவன் முன்னால் வைத்தான். "காஞ்சிடும். தின்னுடு" என்றான். கூட்டத்தில் யாரோ கல்லெடுத்து எறிந்தார்கள். அது இறக்கையில் பட்டது. அவன் தாழப் பறந்து தெருமுனையைக் கடந்து போனான்.

அன்று மாலை ஜனம் கலைந்த பிறகு செம்பன் சேரிக்குப் போனான். வெகுநாளைக்குப் பிறகு போகிறான். முனியம்மை கரியனின் இறக்கைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பசின்னு வந்திருந்தா உறியில மீனு இருக்குது, எடுத்துத் தின்னு" என்றாள். "அழுவறதுக்கு வந்திருந்தா இங்க வேணாம். எனக்கு வவுறு எரியுது."

"தெரியாம..."

"தெரிஞ்சி சொன்ன. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன."

இருசன் பறையைக் காய்ச்ச வைக்கோலை அடுக்கிக்கொண்டிருந்தான். "இந்த ஊருல நீ என்ன சொன்னாலும் நாங்க யாருன்னு நாங்க அடிச்சி சொல்லிக்குவோம்" என்றான். "கப்பல் ஏறிப்போனதே பேரு, அதுக்கு அந்த ஊருல யாருடா இருக்கா எடுத்துச் சொல்ல? தனியா போவுது."

செம்பன் அங்கே நிற்க முடியாமல் கிளம்பினான். இரவெல்லாம் கடலுக்கு மேலே சுற்றினான். விடியும் முன் கப்பலை அடைந்தபோது அது அப்போதுதான் பாய் விரித்திருந்தது. மேல்தளத்தில் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் காற்று வாங்கிக்கொண்டு அரட்டையடித்தன. பறையர் என்ற பெயரை அங்கே காணவில்லை. அது அடித்தட்டில், பாசித் தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. துரைக்குச் சொன்ன பொருளை மற்றப் பெயர்களும் கேட்டிருந்தன. அதனால் பக்கத்தில் இடம் கொடுக்கவில்லை.

"வா, வீட்டுக்குப் போவலாம்" என்றான் செம்பன்.

"எந்த வீட்டுக்கு?" என்றது பெயர். "பறைக்குள்ள இருந்தவனை நீதானே இழுத்து, கையில இந்தப் பொருளைக் குடுத்து அனுப்பின? இதோட நான் போய் இறங்குவேன். அங்க யாரை வீட்டவிட்டு விரட்டினாலும், யாரை நாட்டவிட்டு ஒதுக்கினாலும், அவனை என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. என்னைக் கேட்டா கூப்பிடுவாங்க?"

செம்பனால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் என்ன செய்யணும், சொல்லு. செய்யறேன்."

"உறவு சொன்னதை உறவுதான் மாத்த முடியும். எங்க சொன்னியோ அங்க போ. எத்தனை பேர் முன்னால சொன்னியோ அத்தனை பேர் முன்னால சொல்லு. கரியன் என் அண்ணன், இருசன் வீடு என் வீடு, அவங்க சேதி சொல்றவங்கன்னு சொல்லு. கரை கண்ணுக்குத் தெரியறவரைக்கும் எனக்குக் காது கேக்கும். அதுக்குள்ள சொன்னா, கப்பல்லேருந்து குதிச்சி நீந்தி வந்துடுவேன்."

செம்பன் திரும்பிப் பறந்தான். வழியெல்லாம் அந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே வந்தான். பொழுது விடிந்து கோயிலை அடைந்தபோது அன்று சனிக்கிழமை. விரதக்காரர்கள் தெரு நிறையக் காத்திருந்தார்கள். அவனைக் கண்டதும் "கோவிந்தா!" என்று எழுந்த குரலில் கோபுரப் புறாக்கள் கலைந்தன. ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கி, "அதோ பாரு, சாமி" என்று காட்டினார். எல்லாக் கைகளும் மேலே கூப்பியிருந்தன.

இவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். போட்டான். பூஜை முடியட்டும் என்று இன்னொரு வட்டம் போட்டான். கிழக்கே பார்த்தான், பாய் தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று மறுபடியும் சுற்றினான். தெருமுனையில் இருசனும் முனியம்மையும் நின்றிருந்தார்கள். கரியன் காயம்பட்ட இறக்கையோடு முனியம்மையின் தோளில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் இன்னும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. வாயைத் திறந்தான்.

அப்போது கிழக்கே கடல் வெறுமையாக இருந்தது. பாய் மறைந்துவிட்டது.

"அண்ணா" என்றுதான் கத்தினான். வெளியே வந்தது மெலிந்த, நடுங்கிய ஒரு சிணுங்கல். பால் கேட்டு அழும் சிசுவின் குரல் போல இருந்தது. மறுபடி கத்தினான், மறுபடியும் அதே சிணுங்கல். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவனிடம் இருந்து என்ன பயன் என்று பேச்சு அவனை விட்டுப் போய்விட்டது. அண்ணனாவது ஏதாவது கேட்பான் என்று பார்த்தான். கரியன் தலையைத் திருப்பிக்கொண்டான். அதன் பிறகு கரியன் மனிதர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்த்து மற்றப் பறவைகளும் பேச்சை விட்டன. இந்த மனிதர்களிடம் பேசிப் பழகினால் தாங்களும் இப்படிப் பேசிவிடுவோமோ என்று அவை பயந்திருக்கலாம்.

ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "கருடன் சத்தம் குடுக்கிறார், நல்ல சகுனம்" என்றார்கள். ஒருவருக்கு மட்டும் புரிந்தது. எல்லாப் பேச்சும் தெரிந்த சேஷாசலம் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தார். அந்தச் சிணுங்கலில் இருந்த 'அண்ணா' அவர் காதில் தெளிவாக விழுந்தது. நேற்று அவர் செருமிக்கொண்டு மொழிபெயர்த்த வாக்கியமும் கூடவே காதில் விழுந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பறை அடிப்பவர் என்று பொருள் என்று தானே சொல்லியிருக்கலாம். கப்பலும் இல்லை, இனி யாரிடம் சொல்வது?

அவர் தெருமுனையைப் பார்த்தார். முனியம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷாசலம் தலை குனிந்து, தன் இரண்டு கன்னங்களிலும் மாறி மாறி அடித்துக்கொண்டார். கண்ணீர் வழிய வழிய அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்தார். பெரிய மனிதர், துரையோடு பழகியவர், கருடனைப் பார்த்து இப்படிச் செய்கிறார் என்றால் அதில் ஏதோ விசேஷம் இருக்கத்தானே வேண்டும்? அவரும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கப் படபடவென்று கன்னச் சத்தம் கேட்டது. இருசன் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கரியனையும் முனியம்மையையும் கூட்டிக்கொண்டு மணல்மேட்டைத் தாண்டி நடந்தான்.

செம்பன் இன்றும் கோபுரத்தின் மேலே தனியாகச் சுற்றிச் சுற்றிச் சிணுங்குகிறான். கரியன் மீன் அங்காடியின் மேலே வாய் திறவாமல் சுற்றுகிறான். ஊர் ஒதுக்கிய எவனையும் ஆங்கிலத்தில் 'பரையா' என்றே இன்னும் அழைக்கிறார்கள். அன்று முதல்தான் கருடனைக் கண்டதும் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். எதற்காக என்று கேட்டால் புண்ணியம் என்கிறோம்.